ஓடிய பிள்ளைக்கெல்லாம் பதக்கமா?

(தொடக்கப் பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரியர்களே, விடியற்காலையிலேயே வந்து சுண்ணாம்புக் கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஓடிய எல்லாப் பிள்ளைகளுக்கும் பதக்கம் தருவதா, முதல் மூன்று பேருக்கு மட்டும் தருவதா என்று விழாக் குழுவில் பெரிய விவாதமே நடந்ததாம். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எல்லோருக்கும் கொடுங்கள் என்பது என் கட்சி. ஆனால் பதக்கத்தை மாட்டிவிட்டதோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக இங்கே வந்திருக்கிறேன்.

"சும்மா வந்து நின்றதற்கெல்லாம் பரிசா? வெளியுலகம் அப்படியா கொடுக்கிறது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2015-ல் 'அமெரிக்கன் ஃபுட்பால்' விளையாட்டு வீரர் ஜேம்ஸ் ஹாரிசன், தன் மகன்களுக்குக் கிடைத்த பங்கேற்புக் கோப்பைகளைத் திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்தார். உழைத்து வாங்கட்டும் என்பது அவர் வாதம். அந்தக் கவலை நியாயமானதுதான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடினார். மூன்றாவதாக வந்தவர் எடுத்துக்கொண்டது 55.41. நூற்றில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் கைநழுவிப் போனது. அவ்வளவு கறாராகக் கணக்குப் பார்ப்பதால்தான் அந்தப் பதக்கத்துக்கு அத்தனை மதிப்பு. அதில் கைவைக்க நான் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு உஷாவுக்கு இருபது வயது. நாம் பேசுவது ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி.

ஏழு வயதில் முந்துவது யார் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். பதினொரு மாத இடைவெளி முப்பது வயதில் ஒரு பொருட்டே இல்லை. ஏழு வயதில் அது உயரத்திலேயே தெரியும். கனடாவில் 1980-களில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைக் கணக்கெடுத்தார்கள். ஆண்டின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்களே அதிகமாக இருந்தார்கள். அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்குகிறது. கொஞ்சம் மூத்த பிள்ளையைத் திறமைசாலி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொண்டதால் நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டம். டிசம்பர்ப் பிள்ளை 'நமக்கு இது வராது' என்று ஒதுங்கிவிடுகிறது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளை செய்த தப்பு தாமதமாகப் பிறந்தது மட்டும்தான்!

நார்வே நாட்டில் இதற்கு விதியே இருக்கிறது. சிறுவர் போட்டியில் பரிசு கொடுத்தால், பன்னிரண்டு வயது வரை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பதினொரு வயதாகும் ஆண்டு வரைக்கும் தரவரிசைப் பட்டியலே கிடையாது. இப்படி வளர்த்தால் போட்டி மனப்பான்மை செத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கைப் பார்க்கட்டும். சென்னையையும் புறநகரையும் சேர்த்தால் வரும் மக்கள்தொகைகூட இல்லாத அந்த நாடு 16 தங்கம் வாங்கியது. அந்த விதியால்தான் வாங்கியது என்று சொல்லமாட்டேன். பனியும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. விதி அவர்களைக் கெடுத்துவிடவில்லை, அது நிச்சயம்.

சரி, எல்லோருக்கும் கொடுத்தால் பிள்ளை ஏமாந்துபோகுமா? போகாது. இங்கே இருக்கிற எந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையையும் கூப்பிட்டு யார் முதலில் வந்தது என்று கேளுங்கள். டக்கென்று பேர் சொல்லும். கழுத்தில் பதக்கம் தொங்குவதால் அது மறந்துவிடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இது. படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், "வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு வரைந்து முடித்த பிறகு, சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், முன்னாலேயே ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் வாங்கிய குழந்தைகளின் ஆசை குறையவே இல்லை. அதனால், "வா, ஓடினால் மெடல் தருவாங்க" என்று வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வராதீர்கள். ஓடி முடிக்கட்டும், அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் மைதானத்துக்கு வருகிறேன். காலை ஒன்பதரைக்கு இரண்டாம் வகுப்பு ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று. எட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள்; இரண்டு பேர் இறுதிக்குத் தேர்வானார்கள். மற்ற ஆறு பேரும் பத்துப் பதினைந்து விநாடி ஓடியிருப்பார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் ஷாமியானா பந்தலின் கீழ் உட்கார்ந்து கைதட்டினார்கள். புது ஷூ, வீட்டில் இஸ்திரி போட்டுக் கொடுத்த ஹவுஸ் டீ-ஷர்ட், எல்லாம் அந்தப் பத்து விநாடிக்கு. நன்றாக ஓடுகிற பிள்ளை நாலு தடவை ஓடுகிறது. ஓட்டம் யாருக்கு அதிகமாகத் தேவையோ, அந்தப் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம். எனக்கு மனசு ஆறவே இல்லை. அந்த ஆறு பேருக்கும் ஒரு பதக்கத்தைப் போட்டு அனுப்பிவிட்டால் இது சரியாகிவிடுமா?

தோற்ற பிள்ளைக்கு உடனே வேண்டியது இன்னொரு ஓட்டம். சின்ன வகுப்புகளுக்கு வெளியேற்றும் சுற்றே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் மூன்று தடவையாவது ஓடட்டும், ஒரு தடவை ரிலேயில் ஓடட்டும். ஷீல்டுக்கும் மேடை அலங்காரத்துக்கும் போகிற பணத்தில் கொஞ்சம் குறைத்து நாலு ஸ்டாப்வாட்ச் வாங்குங்கள். ஜூலையில் எல்லாப் பிள்ளைகளையும் 50 மீட்டர் ஓடவிட்டு நேரம் குறித்து வையுங்கள். ஜனவரியில் மறுபடி ஓடவிடுங்கள். சான்றிதழில் 'பங்கேற்றார்' என்று மொட்டையாக எழுதாமல், அந்த இரண்டு நேரங்களையும் எழுதிக் கொடுங்கள். கடைசியாக வந்த பிள்ளையும் வீட்டில் போய்க் காட்ட, அது தானே ஓடிச் சம்பாதித்த கணக்கு ஒன்று இருக்கும்.

ஆறாம் வகுப்புக்குப் போனதும் முதல், இரண்டு, மூன்று என்று கறாராகவே கொடுங்கள். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று போகிற வயது அது. தோல்வியைத் தாங்க அதற்குள் காலில் கொஞ்சம் பலம் வந்திருக்கும்.

நேரம் குறிக்கிற வேலையை ஒரே உடற்கல்வி ஆசிரியர் தலையில் கட்ட முடியாது. வகுப்புக்கு இரண்டு பெற்றோர் வந்தால் ஒரு சனிக்கிழமை காலையில் முடித்துவிடலாம். வாசல் மேசையில் நோட்டு வைத்திருக்கிறார்கள். போகும்போது உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். நானும் வருகிறேன்.