அபராதச் சீட்டுக்கு அலசத் தெரியாது

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, வேலை முடிந்து குளித்த கையோடு மண்டபத்துக்கு வந்திருக்கும் ஜொகூர் லாபிஸ் வட்டாரத் தோட்ட மக்களே, வணக்கம்.

"சுற்றுச்சூழலைக் காக்கப் பெரிதும் கைகொடுப்பது விழிப்புணர்வுக் கல்வியா, கடுமையான சட்டமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் சட்டத்துக்காக மூன்று அம்பு விட்டார். சிங்கப்பூரைப் பாருங்கள் என்றார். நச்சுக் கழிவு கொட்டப்பட்ட கிம் கிம் ஆற்றை மறந்துவிட்டீர்களா என்றார். 'பிரசாரம் பண்ணித் தொண்டை வற்றியதுதான் மிச்சம், லோங்காங்கில், அதாவது சாக்கடையில், குப்பை குறையவில்லை' என்றார். கைதட்டலும் வாங்கினார்.

மூன்றாவது அம்பை முதலில் எடுக்கிறேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நாம் விழிப்புணர்வு என்று எதை நடத்துகிறோம்? நெகிழியில் அச்சடித்த பதாகை, ஆளுக்கொரு டி-சட்டை, கையில் ஒரு குட்டித் தண்ணீர் போத்தல், 'பூமியைக் காப்போம்' என்று ஒரு கோஷம். கூட்டம் கலைந்தபின் அந்தப் போத்தல்களைப் பொறுக்கவே தனியாக ஊர் கூடிச் செய்யும் ஒரு கோத்தோங் ரோயோங் வேண்டும். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது திருவிழா. நான் பேசுவது கைக்குச் சொல்லித் தரும் கல்வி.

எப்படி என்று கேட்பீர்கள். செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பவரிடம் போவோம். மருந்தைத் தெளிப்பானில் ஊற்றியாயிற்று, கேன் காலி. காலியா? அடியிலும் கைப்பிடிக்குள்ளும் மருந்து ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கேனைக் கவிழ்த்து 30 விநாடி சொட்டவிட வேண்டும். பிறகு கால் பங்கு நல்ல தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, இன்னொரு 30 விநாடி குலுக்க வேண்டும். அலசிய தண்ணீரைத் தரையில் கொட்டக்கூடாது. அதே தெளிப்பானில் ஊற்ற வேண்டும், அதுவும் மருந்துதானே. இப்படி மூன்று தடவை. கடைசியில் அடியில் துளை போட்டுவிட வேண்டும். துளை எதற்கு? இல்லாவிட்டால் அந்தக் கேன் தொழிலாளர் லயத்துக் குளியலறையில் தண்ணீர் பிடிக்கப் போய்விடும். இதையெல்லாம் மருந்து கலக்கும் இடத்தில், அப்போதே செய்ய வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் மருந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பத்துத் தடவை அலசினாலும் முழுசாகப் போகாது. சோம்பலில் கேனை ஓடையில் முக்கி அலசினாரோ, மீன் செத்து மிதக்கும்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில், அதாவது ஆபத்தான கழிவுகளுக்கான விதிகளில், மருந்து பட்ட கேனுக்கு 'எஸ்டபிள்யூ 409' என்று குறியீடே உண்டு. நடுவர் அவர்களே, குறியீடு தோட்ட அலுவலகக் கிராணியின் கோப்பில் இருக்கிறது. கேன் தெளிப்பவர் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒருவர் நின்று, 'இப்படிக் குலுக்குங்க அண்ணே, இப்படிக் கவிழ்த்துங்க' என்று செய்து காட்ட வேண்டும். அந்த ஒருவர்தான் எங்கள் அணி. அபராதச் சீட்டுக்கு அலசத் தெரியாது!

எதிரணியில் ஒரு தம்பி சொன்னார்: 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லிச் திடக்கழிவுச் சட்டமான சட்டம் 672 கட்டாயமாக்கியது, 2016 ஜூனில் அபராதமும் வந்தது, நம் ஜொகூரும் அதில் அடக்கம் என்று. சரியாகவே சொன்னார், தம்பி. வாரத்தில் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், மற்ற நாளில் மற்ற குப்பை. இப்போது ஒரு கேள்வி. நாசி லெமாக் சோறு மடித்து வரும் பழுப்புத் தாள், காகிதக் கட்டில் சேருமா? காகிதம்தானே என்று பாதி மண்டபம் தலையாட்டுகிறது. சேராது. உட்புறத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மெல்லிய நெகிழிப் படலம் உரிந்து வரும். போதாததற்குச் சம்பலும் எண்ணெயும். அதைச் செய்தித்தாளோடு போட்டால் எண்ணெய் ஊறிப் பக்கத்துத் தாளும் கெடும். பால் டின்னைக் கழுவாமல் போட்டாலும் இதே கதை: எறும்பு, புழு, நாற்றம், பிறகு 'மறுசுழற்சியாவது ஒன்றாவது' என்று எல்லாம் ஒரே பையில். சட்டம் பிரி என்றது. எதை, எப்படி என்று நகத்தால் சுரண்டிக் காட்டியது யார்?

டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவும் அப்படித்தான். நீர் தேங்கினால் அபராதம் என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாரி வருகிறார் என்றதும் வாளித் தண்ணீரைக் கொட்டுவோம். முட்டை தண்ணீரிலா இருக்கிறது? நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வாளியின் சுவரில் ஒட்டியிருக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். வேலை பத்து நிமிஷம்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். பாலம் தாண்டினால் நாமே குப்பையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறோம், உண்மை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அன்றைய பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்' இயக்கத்தைத் தொடங்கியது 1968 அக்டோபர் 1. பள்ளிக்கூடம், கடை, சந்தை என்று ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தார்கள். புதிய பொதுச் சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது 1969-இல். முதலில் வாத்தியார், அப்புறம்தான் போலீஸ். எதிரணித் தலைவர் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது!

கிம் கிம் ஆறு. 2019 மார்ச், நம் ஜொகூரின் பாசீர் கூடாங். இரவோடு இரவாக ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது; பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. நெஞ்சு பதறுகிறது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் எப்போது வந்தது? 1974. அந்த இரவில் அதற்கு 45 வயது. பேராசை பிடித்த தொழிற்சாலைக்குச் சட்டமும் சிறையும் வேண்டும், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆற்றங்கரையில் குடியிருப்பவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? இரசாயன வாடை வந்தால் வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. காற்று வரும் திசைக்கு, அதாவது வாடைக்கு எதிர்ப்பக்கம் விலக வேண்டும். கையால் தொட்டு மோந்து பார்க்கக்கூடாது. லோரி எண், நேரம், இடம், தண்ணீரின் நிறம், இந்த நான்கையும் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் இலாகாவின் 1-800-88-2727 எண்ணைக் கூப்பிட வேண்டும். அவசரம் என்றால் 999. இது தெரிந்தவர் கரைக்குப் பத்துப் பேர் இருந்தால்தான் சட்டத்துக்குக் கண்ணே முளைக்கும்.

கடைசியாகச் சமையலறை. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிச் சுடுதண்ணீர் விட்டால் போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை, நாலு வீடு தள்ளி நிற்கிறது. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து மெழுகு போல் இறுகும். சோற்றுப் பருக்கையும் நெகிழிப் பையும் அதில் சிக்கும். அடைமழைக்கு லோங்காங் வீட்டுக்குள் வரும். ஆறவைத்து, துணியில் வடிகட்டி, போத்தலில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குபவரிடம் விற்கலாம். சவர்க்காரமும் செய்யலாம்: ஒரு கிலோ செம்பனை எண்ணெய்க்கு 130 கிராம் காஸ்டிக் சோடா, 300 மில்லி தண்ணீர். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, சோடா அதை அரித்து, தீப்பிடிக்கும் வாயுவைக் கிளப்பும். கையுறை, கண்ணாடி போட்டு, கதவைத் திறந்து வைத்துக் கிண்ட வேண்டும். அச்சில் ஊற்றி நாலு முதல் ஆறு வாரம் ஆறப்போடுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் தோல் எரியும். கண்ணளவில் போடுகிற சமையல் இல்லை இது, தராசு வேண்டும். இதைச் செய்யவில்லை என்று எந்தச் சட்டம் யார் மேல் வழக்குப் போடும்?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிடுகிறேன். தீர்ப்பை நிதானமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் யாராவது ஒருவர் மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். நமக்கு வடை சுட்ட எண்ணெய் அங்கே ஆறிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலேயே லோங்காங்.