11 புள்ளி முன்னிலை எப்படி 3 ஆச்சு? கவர்னர் தேர்தல் சர்வே பத்தின கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி: "2021 நியூ ஜெர்சி கவர்னர் தேர்தல்ல பில் மர்ஃபி 11 புள்ளி முன்னாடி இருக்கார்னு மான்மத் பல்கலைக்கழக சர்வே சொல்லுச்சு. ஜெயிச்சதோ 3 புள்ளியில. 2025ல அதே பதவிக்கு நின்ன மைக்கி ஷெரிலுக்கு நெருக்கமான போட்டின்னாங்க, அவங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. அப்போ பிரச்சாரம் எடுபடுதான்னு சர்வேய வச்சு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. நியூ ஜெர்சி அமெரிக்காவுல ஒரு மாநிலம். அங்க கவர்னர்னா நம்ம ஊர் மாதிரி நியமனப் பதவி இல்லை. மக்கள் நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குற, கிட்டத்தட்ட முதலமைச்சர் மாதிரியான ஆள்.

இப்போ அந்த 11ஐப் பிரிச்சுப் பாருங்க. சர்வேல மர்ஃபிக்கு 50, அவரை எதிர்த்து நின்ன ஜாக் சியாட்டரெல்லிக்கு 39. முடிவுல மர்ஃபிக்கு 51.2, சியாட்டரெல்லிக்கு 48.0. மர்ஃபியோட நம்பர் ஏறக்குறைய அப்படியே நிக்குது! ஏறினது எதிராளியோட நம்பர். மிச்சம் 11 சதவீதம் பேர் "இன்னும் முடிவு பண்ணல", "வேற ஆளு"ன்னு நின்னாங்கல்ல, அந்த இடம் முழுக்க ஒரே பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடுச்சு. மர்ஃபி மாதிரி ஏற்கனவே பதவியில இருக்குறவரை நாலு வருஷமா எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அவர் பேரைச் சொல்லாதவங்க கடைசியில அவருக்கே போடுவாங்கன்னு நம்ப முடியாது. அதனால வித்தியாசத்தைப் பாக்காதீங்க, ரெண்டு பேரோட நம்பரையும் தனித்தனியா பாருங்க.

சர்வே நம்பர் எவ்வளவு ஏறி இறங்கலாம்னு சொல்ற பிழை வரம்புலயும் நிறைய பேர் ஏமாறுறாங்க. 1,000 பேர்கிட்ட கேட்டா கூட்டல் கழித்தல் 3ன்னு போடுவாங்க. அது ஒரு வேட்பாளரோட சதவீதத்துக்கு. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய ரெட்டிப்பு, அதாவது 6. அதைப் பாதியா குறைக்கணும்னா 2,000 போதாது, 4,000 பேர் வேணும். செலவு தாங்காது. ஆனா 11ல 6 போனாலும் 5 நிக்கணுமே, 3 எப்படி வந்துச்சு? அங்கதான் விஷயமே இருக்கு: யார் நிஜமா ஓட்டுப் போட வருவாங்க?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஊர்ல 10,000 வாக்காளர்கள். 5,200 பேர் ஒரு கட்சி, 4,800 பேர் இன்னொரு கட்சி. சர்வே எடுத்தா பெரிய கட்சிக்கு 4 புள்ளி முன்னிலை. தேர்தல் அன்னிக்கு அந்தக் கட்சிக்காரங்க 38 சதவீதம் வர்றாங்க, 1,976 ஓட்டு. சின்ன கட்சிக்காரங்க 42 சதவீதம் வர்றாங்க, 2,016 ஓட்டு. சின்ன கட்சி ஜெயிச்சிடுச்சு! ஒருத்தர்கூட மனசை மாத்திக்கல, சர்வேயும் பொய் சொல்லல.

நியூ ஜெர்சியில இது ரொம்ப உறைக்கும். அங்க கவர்னர் தேர்தல் ஜனாதிபதி தேர்தலுக்கு அடுத்த வருஷம் வரும். 2021ல பதிவு பண்ணினவங்கள்ல 40 சதவீதம் பேர்தான் வந்தாங்க. அதே நாள்ல மர்ஃபி கட்சிக்காரரான, மாநில செனட் (மேலவை) தலைவர் ஸ்டீவ் ஸ்வீனியையே சியாட்டரெல்லி கட்சியோட எட்வர்ட் டர்ங்கிற லாரி டிரைவர் தோற்கடிச்சார்னா பாத்துக்கோங்க, எந்தப் பக்கம் வேகமா இருந்துச்சுன்னு. மான்மத் சர்வே இயக்குநர் பேட்ரிக் மர்ரி பத்திரிகையில எழுதி பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். அந்தத் துறையில அதெல்லாம் அபூர்வம்.

2025ல தலைகீழ். பெரும்பாலான சர்வே ஷெரிலுக்கு ஒற்றை இலக்க முன்னிலைதான் கொடுத்துச்சு, ஜெயிச்சது 14 புள்ளி அளவுல. பல நிறுவனங்கள் "போன ஜனாதிபதி தேர்தல்ல யாருக்குப் போட்டீங்க?"ன்னு கேட்டு, அந்த விகிதத்துக்கு சர்வேய சரிக்கட்டுவாங்க. அப்படிச் செஞ்சா 2024ல வந்த கூட்டமே திரும்ப வரும்னு நாமளே எழுதிக்கிற மாதிரி. ஒரு பக்கத்து ஆளுங்க வீட்லயே உக்காந்துட்டா கணக்கு விழுந்துடும்.

பிரச்சாரம் எடுபடுதான்னு பாக்க, வேற வேற நிறுவனத்தோட நம்பரை ஒட்டிப் பாக்காதீங்க. ஒரே நிறுவனம், ஒரே முறையில, செப்டம்பர்லயும் அக்டோபர்லயும் எடுத்ததை வச்சுப் பாருங்க. பதிவு பண்ணின வாக்காளர் கணக்கா, வர வாய்ப்பிருக்குறவங்க கணக்கான்னு அடியில போட்டிருக்கும். ஒரு மாசம் இது, மறு மாசம் அதுன்னா அந்த ஏற்றம் பிரச்சாரத்தால வந்ததில்லை. ரெண்டு புள்ளி நகர்ந்தா செய்தியே இல்லை.

கட்சிக்காரங்களே எடுத்து வெளியிடுற சர்வேயா? நாலு எடுத்து, நல்லா வந்த ஒண்ணைத்தான் காட்டுவாங்க. தேதி, எத்தனை பேர், கேள்வியோட வாசகம், இது மூணும் இல்லைன்னா தள்ளி வச்சிடுங்க. சரி, அடுத்த கேள்வி.