ஆப்கான் போர்: நியாயம் வேற, ஜெயிக்கிறது வேற
வணக்கம் மக்களே. முதல்ல இந்தப் போட்டோவைப் பாருங்க. முழுக்கப் பச்சையா இருக்குல்ல? இருட்டுல எடுக்கிற கேமரா. கையில துப்பாக்கியோட ஒருத்தர் விமானத்துல ஏற வர்றாரு. மேஜர் ஜெனரல் கிறிஸ் டோனஹியூ. 2021 ஆகஸ்ட் 30, காபூல் ஏர்போர்ட், நடுராத்திரி ஆகப்போற நேரம். ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பின கடைசி அமெரிக்க சிப்பாய் இவருதான்.

அந்தப் போர் நியாயமா, ஜெயிச்சிருக்க முடியுமான்னு ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். என்னைக் கேட்டா ஆரம்பத்துல நியாயம் இருந்துச்சு. செப்டம்பர் 11 தாக்குதல்ல கிட்டத்தட்ட 3,000 பேர் செத்தாங்க. அதுக்குக் காரணமான பின்லேடனை ஒப்படைங்கன்னு அமெரிக்கா கேட்டுச்சு, அப்ப ஆப்கானை ஆண்ட தாலிபான் தரல. 2001 அக்டோபர் 7 குண்டு விழ ஆரம்பிச்சு, டிசம்பருக்குள்ள தாலிபான் ஆட்சி காலி. பின்லேடன் மட்டும் தோரா போரா மலைப்பக்கமா நழுவிட்டாரு. 2011ல ஆள் சிக்கினது எங்க? பாகிஸ்தான்ல, அபோட்டாபாத்ல, ராணுவ அகாடமிக்குப் பக்கத்துலயே!

சரி, தேடி வந்த ஆளு முடிஞ்சாச்சு. அப்புறமும் பத்து வருஷம் எதுக்கு? ஒருத்தர் ஜனநாயகம்பாரு, ஒருத்தர் அபின் ஒழிப்புன்னுவாரு. பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போனாங்க, அது நிஜம், அதை நான் லேசா எடுத்துக்கல. ஆனா எது நடந்தா ஜெயிச்சதா அர்த்தம்னு யாருமே சொல்லல.

பணம்? பிரவுன் பல்கலைக்கழகக் கணக்குல 2.3 லட்சம் கோடி டாலர். இந்த மாதிரி நம்பர் மண்டையில ஏறாது, அதனால ஒரு சட்டையைக் காட்டுறேன். ஆப்கான் ராணுவத்துக்கு யூனிஃபார்ம் வாங்கணும். அந்த ஊர் பாதுகாப்பு அமைச்சர் இன்டர்நெட்ல பார்த்து ஒரு டிசைன் பிடிச்சிருக்குன்னாரு. பச்சைக் காட்டுக்குள்ள மறைஞ்சுக்கிற டிசைன். ஆப்கான்ல காடு எவ்வளவு தெரியுமா? மொத்த நிலத்துல 2.1 சதவீதம்! மிச்சமெல்லாம் பாறையும் மண்ணும். இந்த டிசைனால மட்டும் 2.8 கோடி டாலர் வரைக்கும் அதிகச் செலவுன்னு 2017ல அமெரிக்காவோட தணிக்கை அதிகாரிங்களே எழுதினாங்க. பழைய இத்தாலி விமானம் இருபது வாங்கி, அதுல பதினாறை உடைச்சு வெறும் 32,000 டாலருக்கு வித்த கதையும் அவங்க ரிப்போர்ட்லதான் இருக்கு. படிச்சா சிரிப்பு வரும். அப்புறம் வராது, ஏன்னா இந்தப் போர்ல ஆப்கான் ராணுவம், போலீஸ்ல செத்தவங்க அறுபதாயிரத்துக்கும் மேல. அமெரிக்க வீரர்கள் 2,400க்கு மேல.

ஜெயிச்சிருக்க முடியுமா? ராணுவத்தால முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது. தாலிபானுக்கு எல்லை தாண்டினா பாகிஸ்தானோட குவெட்டா நகரம் இருந்துச்சு, அடி வாங்கினா அங்க போய்த் தெம்பு ஏத்திக்கிட்டு வந்தாங்க. ஆப்கான் படை பேப்பர்ல மூணு லட்சம் பேர். அதுல இல்லாத ஆளுங்க பேர்ல சம்பளம் வாங்கித் தின்ன தளபதிங்க ஏராளம்.

பேசி முடிச்சிருக்கலாம், அதுவும் முதல் வருஷமே. தாலிபான் துவண்டு கிடந்த 2001 டிசம்பர்ல ஜெர்மனில பான் நகரத்துல புது அரசாங்கம் அமைக்கப் பேச்சு நடந்துச்சு. தாலிபானைக் கூப்பிடவே இல்ல. 2020 பிப்ரவரி 29, கத்தார் நாட்டுல தோஹா. அதே தாலிபானோட அமெரிக்கா உக்காந்து கையெழுத்துப் போடுது. இந்தத் தடவை நாற்காலி இல்லாம வெளிய நின்னது காபூல் அரசாங்கம். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15, தாலிபான் காபூலுக்குள்ள வந்துட்டாங்க.

கேமரா பேட்டரி சிவப்பு காட்டுது. வரேன்.