ஆபீஸில் யோகா வகுப்பு வைத்தால் ஆரோக்கியம் வந்துவிடுமா? பஸ் கண்டக்டர்களிடம் ஒரு பதில் இருக்கிறது!

[திரையில்: இரண்டடுக்கு பஸ்ஸின் குறுகலான படிக்கட்டு]

இதய நோயைப் பற்றி ஆராயக் கிளம்பிய ஒரு மருத்துவர், ஒரு கட்டத்தில் பஸ் ஊழியர்களின் யூனிஃபார்ம் பேன்ட் அளவுகளைப் பட்டியல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு எத்தனை அங்குலம், டிரைவருக்கு எவ்வளவு, கண்டக்டருக்கு எவ்வளவு என்று. அந்த ஆய்வு 1956ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர் ஏன் அங்கே போய் நின்றார் என்று தெரிந்தால், உங்கள் ஆபீஸில் நடக்கிற ஹெல்த் கேம்ப், யோகா வகுப்பு, நடைப் போட்டி எல்லாவற்றையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

வணக்கம் நண்பர்களே! வேலை செய்கிற இடத்தில் நோய் வருமுன் தடுப்பது எப்படி? அதில் எது உண்மையாகவே வேலை செய்கிறது, எது காலண்டரை நிரப்ப மட்டும் நடக்கிறது? இதுதான் இன்றைய வீடியோ.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1700ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிற குமாஸ்தாக்களின் கை வலியையும் மனச் சோர்வையும் கூட அவர் விட்டுவைக்கவில்லை. 300 வருஷத்துக்கு முன்பே! சரி, பஸ்ஸுக்குப் போவோம். இந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு அவ்வளவு ஆசை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். பிரிட்டனில் மாரடைப்பு கூடிக்கொண்டே போகிறது, காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவருக்கு ஒரு சந்தேகம்: செய்கிற வேலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ? அதைச் சோதிக்க லண்டன் பஸ்களைப் போல் வசதியான இடம் கிடைக்காது. ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே மாதிரி குடும்பப் பின்னணி. ஆனால் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள்! உடற்பயிற்சி என்று நினைத்து ஏறியதில்லை. டிக்கெட் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிவுகள் 1953ல் வந்தன. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தவர்களுக்கும் டிரைவர்களைவிடப் பிந்திய வயதில்தான் வந்தது. வந்த சூட்டிலேயே உயிரைப் பறிப்பதும் டிரைவர்களில் இருந்த அளவில் ஏறக்குறைய பாதிதான். மாரிஸ் இதோடு நிற்கவில்லை. இது பஸ்ஸுக்கு மட்டும் உரிய விஷயமாக இருந்துவிடக் கூடாதே என்று தபால் துறைக்கும் போனார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோகிற தபால்காரர் ஒரு பக்கம், உட்கார்ந்து வேலை பார்க்கிற குமாஸ்தாக்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும் மறுபக்கம். அங்கேயும் அதே கதைதான்.

இப்போது உங்களில் சிலர் கையைத் தூக்கியிருப்பீர்கள். "ஏற்கெனவே பருமனாக இருந்தவர்கள்தானே டிரைவர் வேலைக்குப் போயிருப்பார்கள்? அப்படியானால் வேலைமேல் எப்படிப் பழி போடுவது?" அருமையான கேள்வி! மாரிஸுக்கும் அது தோன்றியது. அதனால்தான் பேன்ட். பழைய உடல் எடைக் கணக்குக்கு எங்கே போவது? யூனிஃபார்ம் தைக்க எடுத்த அளவுகள் இருந்தன, இடுப்பளவு இருந்தது. பார்த்தால், டிரைவர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிது, இளம் வயது டிரைவர்களுக்கும் கூட. சந்தேகத்தில் நியாயம் இருந்தது என்று அவரே காட்டிவிட்டார். ஆனால் பின்னர் இடுப்பளவு வாரியாகப் பிரித்து ஒப்பிட்டபோதும், ஒல்லியானவரோடு ஒல்லியானவர், பருமனானவரோடு பருமனானவர் என்று வைத்துப் பார்த்தபோதும், கண்டக்டர்களின் பக்கமே ஆபத்து குறைவாக இருந்தது. டிரைவருக்குப் போக்குவரத்து நெரிசலின் டென்ஷனும் உண்டு, அதை முழுவதும் பிரித்தெடுக்க முடியாது. ஆனாலும் தன் முடிவுக்கு எதிரான கேள்வியைத் தானே எழுப்பி, அதற்காகத் தையல் அளவுகள் வரை தேடிப்போன அந்த நேர்மை இருக்கிறதே, அதற்கு நான் ரசிகன். மாரிஸ் 2009ல் இறந்தபோது அவருக்கு வயது 99.

[திரையில்: நோட்டீஸ் போர்டில் "ஆரோக்கிய வாரம்" அறிவிப்பு]

இந்த "யார் வருகிறார்கள்" என்ற கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் வெல்னஸ் திட்டங்களின் மொத்த ரகசியமும் அதில்தான் இருக்கிறது.

2010ல் அமெரிக்காவில் கேத்தரின் பெய்க்கர் என்ற பொருளாதார அறிஞரும் உடன் இருந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெல்னஸ் திட்டத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் சுமார் 3.27 டாலர் மிச்சமாகிறது என்று கணக்கு வந்தது. நிறுவனங்களுக்குக் கேட்கவா வேண்டும்! அந்த எண் எல்லா நிர்வாகக் கூட்டங்களுக்கும் போனது.

அப்புறம் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016ல் ஒரு சோதனை. ஏறக்குறைய 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடல் பரிசோதனை, உடல்நலக் கேள்வித்தாள், வகுப்புகள், கலந்துகொண்டால் ஊக்கத்தொகை. மறு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மருத்துவச் செலவிலும் ஜிம்முக்குப் போகிற எண்ணிக்கையிலும் குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் இல்லை. இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. அதே தரவை எடுத்து, குலுக்கலை மறந்துவிட்டு, "கலந்துகொண்டவர் எப்படி, கலந்துகொள்ளாதவர் எப்படி" என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திட்டம் அமோக வெற்றி போலத் தெரிந்தது! ஏன் தெரியுமா? சேர்ந்தவர்கள் சேருவதற்கு முன்பே ஆரோக்கியமானவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள். காலையில் பூங்காவில் நடப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இந்தப் பூங்கா ஊரையே நடக்க வைத்துவிட்டது என்று சொல்வது போன்ற கணக்கு அது.

பெய்க்கரும் சும்மா இருக்கவில்லை. ஸிருய் சாங் என்பவரோடு சேர்ந்து ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில், சுமார் 33,000 ஊழியர்களிடம் சோதனை நடத்தினார். முடிவு 2019ல் வந்தது. 18 மாதங்களுக்குப் பிறகு, திட்டம் இருந்த கிளைகளில் "நான் உடற்பயிற்சி செய்கிறேன்", "எடையைக் கவனிக்கிறேன்" என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை, லீவு எடுப்பது, மருத்துவச் செலவு எதிலும் மாற்றம் இல்லை. தான் முன்னே சொன்ன நம்பிக்கையான எண்ணுக்கு எதிராக வந்த முடிவை அவரே வெளியிட்டார். அறிவியல் இப்படித்தான் நடக்க வேண்டும். 18 மாதம் போதாது, பழக்கம் மாறினால் உடல் பின்னால் மாறும் என்று வாதாடலாம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த 3.27ஐ இனி யாரும் உங்களிடம் அப்படியே நீட்டினால் கொஞ்சம் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லவே இல்லை. ஆளை மாற்றப் பார்ப்பதை விட்டு வேலையையும் இடத்தையும் மாற்றினால் பலன் கிடைக்கிறது. கண்டக்டரிடம் யாரும் "படி ஏறுங்கள்" என்று வகுப்பு எடுக்கவில்லையே! அவருடைய வேலைக்குள்ளேயே படி இருந்தது.

புகையை எடுத்துக்கொள்ளுங்கள். பணியிடம் முழுக்கப் புகைக்குத் தடை போட்ட இடங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2002ல் ஒரு கட்டுரை வந்தது. சிலர் பழக்கத்தையே விட்டார்கள். விடாதவர்களும் நாளொன்றுக்குச் சராசரியாக 3 சிகரெட் குறைத்தார்கள். வகுப்பு இல்லை, போஸ்டர் இல்லை, ஒரு விதி மட்டும்தான்.

வேலை நேரமும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவரோடு ஒப்பிட்டால், பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016ல் மட்டும் இதனால் சுமார் 7,45,000 பேர் இறந்ததாகக் கணக்கு. இரவு 10 மணிக்கு மீட்டிங் வைத்துவிட்டு, மறுநாள் காலை 7 மணிக்கு "மன அமைதிப் பயிற்சி" வைக்கிற நிர்வாகத்திடம் நான் உரிமையோடு கேட்கிறேன்: அந்த மீட்டிங்கை எடுத்துவிடுங்கள். பயிற்சியைவிட அதுதான் பெரிய மருந்து.

மன அமைதிப் பயிற்சி என்றதும் இன்னொன்று. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃப்ளெமிங் 2024ல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் பதில்களைப் பார்த்தார். தியான வகுப்பு, மன உறுதிப் பயிற்சி, தூக்க ஆப் போன்றவற்றில் கலந்துகொண்டவர்களின் மனநலம், கலந்துகொள்ளாதவர்களைவிடச் சிறப்பாக இல்லை. ஓரளவு மேலே தெரிந்தது தன்னார்வச் சேவை வாய்ப்புகள் மட்டும்தான்.

ஆளுக்குப் பயிற்சி கொடுத்தும் ஏன் பலன் தெரியவில்லை என்பதற்கு ஒரு துப்பு பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் கிடைக்கிறது. 1967ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சப் பதவியில் இருந்தவர்களைப் போல் சுமார் 3 மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கணக்கில் கழித்தும் பெரும்பகுதி இடைவெளி அப்படியே நின்றது. பின்னர் 1985ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் மைக்கேல் மார்மட்டின் குழு கண்ட ஒரு காரணம்: தன் வேலையைத் தான் தீர்மானிக்கிற சுதந்திரம் குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம். "மேலதிகாரிக்குத்தான் டென்ஷன் அதிகம், மாரடைப்பு அவருக்குத்தான் வரும்" என்று நாம் சொல்லிக்கொண்டு திரிகிறோமே, அது தலைகீழ்!

[திரையில்: ரத்த அழுத்தக் கருவி, மேசைமேல் நீட்டிய கை]

சரி, ஹெல்த் கேம்ப் பக்கம் வருவோம். ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் ரத்த அழுத்தத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். 2021ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. வலிக்காது, காட்டிக்கொடுக்காது. பிடிப்பதோ மிக எளிது.

ஆனால் கேம்பில் எப்படிப் பார்க்கிறார்கள்? மீட்டிங்கிலிருந்து ஓடி வந்தவர், காபியைக் குடித்த கையோடு வரிசையில் நிற்கிறார். உட்கார்ந்ததும் சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை தொங்குகிறது, கால்மேல் கால், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. வருகிற எண் யாருடையது? அந்த அவசரத்தின் எண்! பேசுவது மட்டுமே அளவைச் சுமார் 10 புள்ளி ஏற்றிவிடக் கூடும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். சரியான முறை இதுதான்: அரை மணி முன்பிருந்து காபி, டீ, சிகரெட் வேண்டாம். 5 நிமிஷம் அமைதியாக உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில் படட்டும். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டை வெறும் தோல்மேல். பேச்சு கூடாது. இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். கேம்ப் நடத்துகிறவர்களே, ஒரு அமைதியான அறையும் நாலு நாற்காலியும் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

எண் வந்த பிறகு என்ன என்பதுதான் முக்கியம். 1970களில் நியூயார்க்கில் மைக்கேல் ஆல்டர்மன் என்ற மருத்துவர், கடை ஊழியர்களின் தொழிற்சங்கத்தோடு கைகோத்து, ரத்த அழுத்தத்தைப் பணியிடத்திலேயே கண்டறிந்து சிகிச்சையையும் அங்கேயே தொடர்ந்து கொடுத்தார். பெரும்பாலானோருக்கு அழுத்தம் இறங்கியது. "டாக்டரைப் பாருங்கள்" என்று சீட்டைக் கையில் திணித்து அனுப்புவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன்: ரிசல்ட் ஊழியருக்கு மட்டும்தான். மேனேஜர் கைக்கோ, சம்பள உயர்வுக் கோப்புக்கோ போகும் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த கேம்புக்கு உடம்பு நன்றாக இருப்பவர் மட்டும்தான் வருவார்.

நின்றுகொண்டே வேலை செய்கிற மேசை வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். முதுகு வலிக்கு மாறி மாறி உட்கார்ந்து நிற்பது நல்லது. ஆனால் நாள் முழுக்க நிற்பதும் கால் ரத்தக் குழாய்களுக்கும் முதுகுக்கும் கெடுதல்தான். 2016ல் லான்செட்டில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவரும் தினம் 60 முதல் 75 நிமிஷம் வேகமாக நடந்தால், உட்கார்வதால் கூடுகிற இறப்பு ஆபத்து ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அந்த நேரத்தை ஊழியரின் தூக்கத்திலிருந்து பிடுங்காமல் வேலை நாளுக்குள்ளேயே கொடுக்க முடியுமா என்று யோசிக்கிற முதலாளிதான் எனக்கு வேண்டும்.

இதைப் பார்க்கிற ஹெச்ஆர் நண்பர்களே, அடுத்த "ஆரோக்கிய வாரம்" திட்டமிடும் முன் ஊழியர்களிடம் பெயர் எழுதாத ஒரு சீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலையில் எது உங்கள் உடம்பைக் கெடுக்கிறது?" நாற்காலி என்பார்கள், ஷிஃப்ட் மாற்றம் என்பார்கள், சாப்பாட்டு இடைவேளையில் வருகிற போன் என்பார்கள். அதில் ஒன்றை எடுத்து அந்த மாதமே சரிசெய்யுங்கள். மற்றவர்களே, அந்தச் சீட்டில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? கீழே கமென்ட்டில் சொல்லுங்கள், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதிகம் பேர் சொல்கிற பிரச்சினைதான் அடுத்த வீடியோ.