நுண்குமிழுக்கு எதற்கு இவ்வளவு இடம்?

சரி, அடுத்த கேள்வி. உசிலம்பட்டி பக்கத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் அனுப்பியிருக்கிறார்: "தாவர செல் படத்தில் பாதிக்கு மேல் நுண்குமிழ்தான் இருக்கிறது. உள்ளே வெறும் தண்ணீர்தானே? அதற்கு எதற்கு இவ்வளவு இடம்? 'சேமிப்பு' என்று ஒரு வரி எழுதினால் போதுமா?"

போதாதும்மா. நுண்குமிழ் (vacuole) என்பது செல்லுக்குள் சவ்வு சூழ்ந்த ஒரு பை. முதிர்ந்த செல்லில் 80, 90 சதவீத இடத்தைக்கூட அது எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது செல்சாறு: சர்க்கரை, உப்புகள், அமிலங்கள், சில நிறமிகள் எல்லாம் கரைந்த நீர். இப்படிக் கரைந்த பொருள் நிறைய இருப்பதால் சவ்வூடு பரவல் மூலம், அதாவது கரைபொருள் அதிகமுள்ள பக்கத்துக்குச் சவ்வைத் தாண்டி, தண்ணீர் உள்ளே வருகிறது. நுண்குமிழ் உப்பி, செல் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. நம் இரத்தச் சிவப்பணுவைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். தாவர செல்லில் செல்லுலோஸ் சுவர் விடாது, திருப்பித் தள்ளும். இந்த விறைப்பழுத்தம் பல செல்களில் கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகம். எலும்பே இல்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இதனால்தான். சுவர் மட்டும் இருந்தாலும் நடக்காது, நுண்குமிழ் மட்டும் இருந்தாலும் நடக்காது. அதனால் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள்.

நம் மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள், 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. செடியிலிருந்து பறித்ததும் வேரிலிருந்து வரும் நீர் நின்றுவிடுகிறது, ஆனால் இதழ் வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கிறது. நுண்குமிழ் சுருங்கச் சுருங்க இதழ் துவள்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடி வைப்பது அந்த இழப்பைக் குறைக்கத்தான்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி உப்புத் தூவி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்டில் தண்ணீர் நிற்கும், துண்டு வளையும். உள்ளே சவ்வு சுருங்கிச் சுவரை விட்டு விலகிவிட்டது. பாடத்தில் வரும் பிளாஸ்மா சிதைவு இதுதான்.

நிறமி என்று சொன்னேன் இல்லையா, அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பீட்ரூட்டின் சிவப்பு நுண்குமிழுக்குள் கரைந்திருக்கிறது. நறுக்கிக் கழுவிய துண்டைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் நிறம் அவ்வளவாக இறங்காது, கொதிக்கவைத்தால் பாத்திரமே சிவந்துவிடும். சூட்டில் சவ்வுகள் சிதைந்து போவதுதான் காரணம். கேரட்டின் ஆரஞ்சு நிறம் அப்படி இறங்காது. அது வண்ணக்கணிகம் என்ற, நிறமியை வைத்திருக்கும் வேறொரு செல் நுண்ணுறுப்பில் இருக்கிறது, தண்ணீரில் கரையாது, ஆனால் தாளிக்கும் எண்ணெயில் இறங்கும். எலுமிச்சையின் புளிப்பும் நுண்குமிழுக்குள்தான். அந்த அமிலம் சைட்டோபிளாசத்தில் (நுண்குமிழைச் சுற்றியுள்ள உயிர்ப்பொருளில்) கலந்தால் செல் பிழைக்காது. டோனோபிளாஸ்ட் என்ற ஒற்றைச் சவ்வு அதைப் பிரித்து வைத்திருக்கிறது.

இப்போது உங்கள் 'எதற்கு இவ்வளவு இடம்' கேள்விக்கு வருகிறேன். சைட்டோபிளாசத்தை உருவாக்கப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். செடிக்கு அது சுலபமாகக் கிடைப்பதில்லை. தண்ணீரை நிரப்பி செல்லைப் பெரிதாக்கினால் குறைந்த செலவில் இலை அகலமாகும், வெயிலும் நிறைய கிடைக்கும். அப்புறம், நுண்குமிழ் நடுவில் உட்கார்ந்துகொள்வதால் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகங்கள் ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடு அவற்றை எட்ட அதிக தூரம் போக வேண்டியதில்லை.

படம் வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதிர்ந்த தாவர செல்லில் உட்கருவை நடுவில் போடாதீர்கள், நுண்குமிழ் தள்ளியதால் அது சுவரோரமாகத்தான் இருக்கும். நுனி வளர்திசுவின் (வேர், தண்டு நுனியில் செல்கள் பிரிந்து வளரும் பகுதியின்) இளம் செல்லை வரையச் சொன்னால் மட்டும் உட்கரு நடுவில், சிறு சிறு நுண்குமிழ்கள் சுற்றிலும். செல் சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவை விட்டுவிட வேண்டாம், பசுங்கணிகம் இருந்தாலும் செடியும் சுவாசிக்க வேண்டும்.