குருத்தெலும்பு முற்றி எலும்பாவதில்லை

(வேலூரில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். காலையில் பாயா சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, வேலூரில் இதைக் கேட்டதே தப்பு.

இளங்குட்டியின் கால் எலும்பு நன்றாக வெந்தால், முனை மட்டும் தொப்பி மாதிரி கழன்று வரும். கழன்ற இடத்தைத் தடவினால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே வெந்து கரைந்தது ஒரு மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

இளநீர் முற்றித் தேங்காய் ஆவதுபோல, குருத்தெலும்பு முற்றி எலும்பாகிறது என்று ரொம்ப நாள் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. குருத்தெலும்பு இடத்தைக் காலி செய்கிறது, அங்கே எலும்பு புதிதாகக் கட்டப்படுகிறது. அதற்கு ரத்தக்குழாய் உள்ளே வந்தாக வேண்டும்.

ஆறேழு வாரக் கருவில் தொடை எலும்பு வெறும் குருத்தெலும்புதான். உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. சத்து வெளியிலிருந்து கசிந்துதான் வர வேண்டும். நம்ம கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் அகழி. எட்டாவது வாரத்தை ஒட்டி நடுவிலுள்ள செல்கள் பல மடங்கு ஊதுகின்றன, அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து ஏறுகிறது. அப்புறம் அந்தச் செல்களே விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து ரத்தக்குழாயை இழுக்கின்றன. கோட்டைக் கதவை உள்ளே இருப்பவர்களே திறந்துவிடுகிறார்கள்! குழாயோடு, அரித்துத் தள்ளும் செல்களும் எலும்பு கட்டும் செல்களும் வந்து இறங்குகின்றன. அரித்தது போக மிஞ்சிய சுண்ணாம்பேறிய சட்டத்தின்மேல்தான் முதல் எலும்பு பூசப்படுகிறது. ஊதிய செல்கள் அத்தனையும் சாகும் என்று படித்தோம். சில பிழைத்து எலும்புச் செல்லாகவே மாறுவது பிற்பாடு தெரிந்தது. ஆக, இளநீர்க் கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு.

1999-இல் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலிக் குட்டிகளுக்கு அந்தப் புரதத்தை முடக்கிப் பார்த்தார்கள். குழாய் நுழைவது ஏறக்குறைய நின்றே போனது. ஊதிய செல்களின் அடுக்கு தடித்துக்கொண்டே போனது, எலும்பு உருவாவது தடைப்பட்டது. முடக்குவதை நிறுத்தியதும் குழாய் நுழைந்தது, அடுக்கு பழையபடி மெலிந்தது.

பிறந்த பிறகும் இதே வேலைதான், ஆனால் முனைகளில், அந்தத் தொப்பிக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கில். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வளரும் கோழியின் கால் எலும்பில் இரண்டு துளை போட்டுவிட்டுக் காத்திருந்தார். 1727-இல் அதை எழுதி வைத்தார். எலும்பு நீண்டிருந்தது, துளைகளுக்கு நடுவே இருந்த தூரம் மாறவில்லை. அப்படியென்றால் எலும்பு நீள்வது நடுவில் இல்லை, முனைகளில்தான்.

வைட்டமின் டி குறைந்தால் அந்த அடுக்கில் சுண்ணாம்பு ஏறாது, குருத்தெலும்பு குவிந்து குழந்தையின் மணிக்கட்டு புடைக்கும். நம்ம ஊர் வெயிலை ரொம்பவும் திட்டாதீர்கள். மண்டையோட்டின் தட்டை எலும்புகளுக்கு இந்தக் குருத்தெலும்புக் கதையே இல்லை; அதை இன்னொரு நாள் பேசுவோம்.

குழந்தையின் முழங்கால் எக்ஸ்ரேயில் இந்த அடுக்கு கருப்புக் கோடாகத் தெரியும். “ஐயோ, எலும்பு உடைஞ்சிருக்கே சார்!” என்று பதறுகிற பெற்றோர் உண்டு. பதினாறு, பதினேழு வயது வாக்கில், பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே, கோடு மூடிக்கொள்ளும். ஆட்டுக்கும் அப்படித்தான். முற்றின கிடாயின் காலை எத்தனை விசில் விட்டாலும் அந்தத் தொப்பி கழலாது.