உலையில் இடுவதற்கு முன் எடுத்து வைக்கும் பிடி

போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, கிறிஸ்துவுக்குள் அன்பான தாய்மார்களே, சகோதரர்களே, வாலிபப் பிள்ளைகளே,

அறுப்பின் பண்டிகையை முன்னிட்டு, கிறிஸ்தவரின் அன்றாட வாழ்வில் ஈகை என்ற பொருளைக் குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். ஈகை என்றதும் நம்மில் பலருக்குக் கோவில் கட்டட நிதியும், பெயர் பொறித்த கல்வெட்டும், மின்விசிறி இறக்கையில் எழுதப்பட்ட நன்கொடையாளர் விலாசமும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் அடுப்பங்கரையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பிடி அரிசிக் காணிக்கையை இங்கே அமர்ந்திருக்கும் மூத்த தாய்மார்கள் நன்கு அறிவார்கள். சமைக்கப் போகும் அரிசியை அளந்து சுளகில் கொட்டிய பிறகு, களைவதற்கு முன்பாக, அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்கு வந்து சேரும். இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அந்தப் பிடி வீட்டாருக்கென்று அளந்த அரிசியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே அன்றைய சோறு ஒரு பிடி அரிசி அளவுக்குக் குறைகிறது. எல்லோரும் உண்டபின் மிஞ்சிய சோற்றை வாசலில் நிற்பவருக்கு இடுவதும் நல்ல செயலே. ஆனால் அதில் வீட்டாருடைய பங்கு எதுவும் குறைவதில்லை. பிடி அரிசியில் பசியறிந்த ஒரு வீடு, தன் பசி தீருமுன்பே பிறருக்கென்று எடுத்து வைக்கிறது. தினமும் எடுத்து வைப்பதால், அதைச் செய்வதற்கு மனம் உருகும் தருணத்துக்காகவோ, உருக்கமான பிரசங்கத்துக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை.

எருசலேமில் வறுமைப்பட்டிருந்த பரிசுத்தவான்களுக்காகக் கொரிந்து சபையிடம் உதவி கேட்ட பவுல் அப்போஸ்தலன், வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் தன்னிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்றும், தான் வந்த பிறகு பணம் சேர்ப்பது கூடாது என்றும் எழுதினார். பேர்பெற்ற ஊழியர் ஒருவர் வந்து நின்று பேசினால் கூடுதலாகவே வசூலாகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த வேகத்தில் கொடுப்பதைக் காட்டிலும், அவர் இல்லாதபோதும் வாரந்தோறும் நடக்கும் கொடையையே அவர் நாடினார். சாறிபாத் ஊரின் விதவையிடம் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயுமே இருந்தன; அதிலும் முதல் அடையை எலியா தீர்க்கதரிசிக்குச் செய்து கொடுத்தாள். நம் தாய்மார்கள் அந்த வசனத்தைக் கைகளால் வாசித்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

இப்படிச் சிறுகச் சிறுகக் கொடுத்தவர்களைக் கொண்டு தேவன் செய்தவை சிறியவை அல்ல. 1903 ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்நாட்டவர் காணிக்கையாலும் இந்நாட்டு ஊழியர்களாலுமே அது நடைபெற வேண்டும் என்று உறுதி கொண்டார்கள். அதுவரை பிறர் அனுப்பும் உதவியைப் பெற்றே பழகியிருந்த ஒரு சபை, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பித் தாங்கும் சபையாக நிமிர்ந்தது. மிசோரம் மலைகளிலும் 1910 ஆம் ஆண்டு முதல் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டு, இன்றளவும் தங்கள் திருச்சபையின் ஊழியத்தை அதனால் தாங்கி வருகிறார்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முருங்கைக்காய்க் கட்டு, நாட்டுக்கோழி, வாழைத்தார் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒற்றைக் கோழிமுட்டை, எடுத்தவரே மறுபடி காணிக்கையாகக் கொடுக்க, திரும்பத் திரும்ப ஏலம் போய்ப் பெருந்தொகை சேர்க்கும். அந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கும்; உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார். ஆயினும் இன்னாருக்கு இன்னார் விட்டுக்கொடுக்கக்கூடாது என்ற வீம்பில் ஏலம் ஏறும்போது, வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற ஆண்டவருடைய வாக்கு அங்கே மறக்கப்படுகிறது. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு காசு போட்ட விதவையைச் சுட்டிக்காட்டிய இயேசு, அதற்குச் சற்று முன்புதான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேத அறிஞர்களை, கண்டித்தார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். அவள் ஏன் அத்தனை வறுமையில் இருந்தாள் என்ற கேள்வியைக் கேட்காமல் அவளைப் புகழ்ந்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை.

அந்தக் கேள்வி நம் வீடுகளுக்குள்ளும் வருகிறது. வேலைக்கு வரும் அம்மாவின் மாதச் சம்பளம் ஐந்தாம் தேதி, பத்தாம் தேதி என்று தள்ளிப்போகிறது. அவர் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, கேட்கவும் கூசி, கேட்காமல் போகவும் முடியாமல் அடுக்களை வாசலில் நிற்கிறார். உள்ளே நாம் வரவில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தின் உறையில் பணம் வைத்துக்கொண்டிருக்கிறோம். கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் சொல்கிறது. அது அவருடைய பணம், நம் ஈகைக் கணக்கில் சேராதது. மூன்று மாடி ஏறித் தண்ணீர் கேன் கொண்டுவருபவரிடமும், வெயிலில் கீரைக்கட்டு விற்பவரிடமும் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசி வென்ற பிறகு ஆலயத்தில் ஐந்நூறு ரூபாய் போடுவது, கடன்பட்ட இடத்தில் கொடுக்காமல் வேறிடத்தில் கொடுப்பதாகும். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். யாக்கோபு தம் நிருபத்தில் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்பது அவருடைய வார்த்தை.

வேதத்தில் வரும் நிலக்காரர் போவாஸ், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் நீதி, அதற்கு மேலும் கொடுக்கும் ஈகை ஆகிய இரண்டையும் சேர்த்துச் செய்தவர். அவர் வயலில் கதிர் பொறுக்க, ஏழை விதவையான ரூத்துக்கு நியாயப்பிரமாணமே உரிமை தந்திருந்தது. அதைத் தடுக்காமல் விட்டிருந்தாலே அவர் நீதிமான்தான். அவரோ, அவளுக்காக அரிகளிலே சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடும்படியும், அவளை அதட்டாதிருக்கும்படியும் வேலைக்காரரிடம் சொன்னார். சாப்பாட்டு வேளையில் அவளை அருகே அழைத்து, அறுக்கிறவர்களோடு உட்காரவைத்து, வறுத்த கோதுமையைத் தாமே எடுத்துக் கொடுத்தார். வாங்குகிறவள் கூனிக்குறுகாதபடி கொடுக்கும் பக்குவம் அவருக்கு இருந்தது.

இந்த இடத்தில் நம் மண்ணின் மைந்தர் ஒருவரின் குரலை நினைவுகூர வேண்டும். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912 ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு மனமார நன்றி சொன்ன பிறகு, ஏழைகளுக்கு அன்னமிட உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தந்தவர்கள், உடன் ஊழியம் செய்த இந்தியரைத் தங்களுக்குச் சமமான நண்பர்களாக ஏற்கத் தயங்கினார்கள் என்ற வருத்தம் அந்தப் பேச்சில் இருந்தது. அன்று அவர்களிடம் கேட்கப்பட்டதை இன்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. நாம் அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்கும் தெருவிலிருந்து ஒரு குடும்பத்தை நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்து முன்பந்தியில் உட்காரவைத்திருக்கிறோமா? என் பாதபடியண்டையிலே உட்காரு என்று ஏழையிடம் சொல்லும் சபையை யாக்கோபு கண்டித்தாரே, அந்தச் சபைக்கும் சாதி பார்த்து ஒதுங்கும் கிறிஸ்தவ வீட்டுக்கும் என்ன வேறுபாடு?

சபையார் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்ணும் நமது அசன விருந்து இதற்காகவே நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஊரார் எல்லோருடைய அரிசியும் ஒரே உலையில் கலந்து, யார் கொடுத்தது எந்தப் பருக்கை என்று பிரிக்க முடியாதபடி சோறாகி, ஒரே பந்தியில் பரிமாறப்படுகிறது. ஆகவே மூப்பர்களிடம் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன். இவ்வாண்டு அசனத்துக்குச் சேரும் அரிசிக்கும் பணத்துக்கும் பெயர்ப்பட்டியல் வாசிக்காதிருங்கள். ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவரும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவரும், பந்தல் போட வந்த வேலையாட்களும் முதல் பந்தியிலேயே அமரட்டும். வழக்கமாக முதல் பந்தியில் அமரும் நாம் அன்று சோற்று வாளியும் குழம்புக் கரண்டியும் எடுத்துக்கொள்வோம்.